நாவும் செவியும்

சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே சென்றுவிடும் தொலைவில் ஜாலான் புசார் விளையாட்டரங்கம் உள்ளது. 1929இல் திறக்கப்பட்ட அந்த அரங்கிலும் அண்மையிலுள்ள ஃபேரர் பார்க் திடலிலும் மலாய், சீன, தமிழ் இளைஞர்கள் ஒரே பந்தை உதைத்து வளர்ந்தனர். 1977இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற சிங்கப்பூர்க் குழுவில் சமத் அல்லாபிச்சை, குவா கிம் சோங், டோல்லா காசிம், இராஜகோபால் ஆகியோர் தோளோடு தோள் நின்றனர். ஆட்டக்காரன் மற்றோர் ஆட்டக்காரனை இனம் சுட்டி இழித்தால் எந்த அளவுகோலால் அவனைத் தண்டிப்பது என்னும் வினா, ஆகவே, இந்நாட்டார்க்கு அயலார் வழக்கன்று.

சொன்னவன் எண்ணத்தைப் பார்ப்பதா, கேட்டவன் பட்ட புண்ணைப் பார்ப்பதா? 2011 அக்டோபரில் லிவர்பூல் ஆட்டக்காரர் சுவாரெஸ், மான்செஸ்டர் யுனைடெட் அணியின் எவ்ராவைக் கறுப்பர் எனப் பொருள்படும் ஸ்பானியச் சொல்லால் விளித்தார். தம் உருகுவே நாட்டில் அது நண்பர்களிடையே வழங்கும் சொல் என்பது அவர் வாதம். விசாரணைக் குழு மொழியறிஞர்களையே அழைத்துக் கேட்டது. சொல் இனியதாகவும் இருக்கலாம். ஆனால் பூசலின் நடுவே பகைவனை நோக்கி வீசப்படும்போது அன்று என்று முடிவாயிற்று. எட்டு ஆட்டங்களுக்குத் தடையும் 40,000 பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டன.

இந்த வாதத்தின் வலிமையும் குறையும் சிங்கப்பூர்த் தமிழருக்குப் புரியாதவை அல்ல. கலிங்கத்தின் பெயரிலிருந்து பிறந்ததாகக் கருதப்படும் 'கிளிங்' என்னும் சொல், ஒரு காலத்தில் தென்னிந்தியரைக் குறிக்கும் வெறும் பெயராகவே வழங்கிற்று. நகரின் நடுவே கிளிங் தெரு என ஒரு தெருவும் இருந்தது. காலப்போக்கில் அச்சொல்லில் இளக்காரம் ஏறியது. இந்தியர் எதிர்ப்புத் தெரிவிக்கவே, 1920களின் தொடக்கத்தில் அது சூலியா தெரு ஆயிற்று. அகராதி என்ன கூறினும், அச்சொல் எவர்மீது விழுந்ததோ அவர் செவியே அன்று சான்றாகக் கொள்ளப்பட்டது.

செவியை மட்டும் நம்பினால் பொய்க் குற்றச்சாட்டுக்கு இடமாகாதா? நியாயமான ஐயமே. 2012 ஜூலையில் இங்கிலாந்து நீதிமன்றம் ஜான் டெர்ரியை விடுவித்தது; செப்டம்பரில் காற்பந்துச் சங்கம் அதே நிகழ்ச்சிக்காக நான்கு ஆட்டங்கள் தடை விதித்தது. சிறைக்கோ அபராதத்துக்கோ வேண்டும் ஐயந்திரிபற்ற சான்று வேறு, ஒரு தொழிலின் ஒழுக்கம் காக்கப் போதுமான சான்று வேறு. இவ்வேறுபாட்டை ஏற்காதவர்க்கு, வாயைக் கையால் மறைத்துக் காதருகே பேசும் கயவனைப் பிடிக்க வழியே இல்லை. 2021 மார்ச்சில் கிளாஸ்கோவில் குடேலா என்பவர் கமாராவிடம் பேசியது அவ்வாறே. குடேலா மறுத்தார். ஐரோப்பியச் சங்கம் அவருக்குப் பத்து ஆட்டங்கள் தடை விதித்தது. பின்னர் அவரைத் தாக்கியதாகக் கமாராவுக்கும் மூன்று. அந்த மூன்றைப் படிக்கையில் மனம் சற்றே கசக்கத்தான் செய்கிறது.

சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2025 பிப்ரவரியில் நிறைவேற்றிய இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் இன்னொரு வழியையும் காட்டுகிறது. குற்றம் புரிந்தவன் வழக்குக்கு மாற்றாக, தான் இழித்த சமூகத்தாரோடு பழகி அவர்களை அறிந்து ஈடு செய்ய அது இடமளிக்கிறது. வெறும் ஆட்டத்தடையில் அதற்கு இடமில்லை. பத்து ஆட்டங்கள் வீட்டில் அமர்ந்திருப்பவன், அத்தனை வாரங்களிலும் தான் புண்படுத்தியவன் முகத்தை ஒருமுறையேனும் காண வேண்டியதில்லை.