ஏது இல்லா முடிபு

மலையிற் புகை கண்டவன் அங்கே நெருப்பு உண்டெனத் துணிகிறான். அளவை நூலார் நெடுங்காலமாக எடுத்தாண்டுவரும் இவ்வுதாரணத்தில் புகை ஏது, நெருப்பு முடிபு. ஏதுக் காட்டாத முடிபை அவர்கள் அனுமானமாக ஏற்பதில்லை. நிர்ப்பீடன நோய்களுக்கு மருந்து காணச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும் கணிப்பு உயிரியலாளர் முன்னும் இவ்வினாவே இன்று நிற்கிறது. பெருந்தொகையான தரவுகளைப் பயின்ற பொறி ஒரு மூலக்கூற்றைச் சுட்டுகிறது. ஏன் சுட்டியது என்பதைப் பலவேளை தெளிவுறக் கூறுவதில்லை. அதனை நம்பி ஒரு மனிதவுடலுள் மருந்தைச் செலுத்தலாமா?

2020 பெப்ரவரியில் இலண்டனைச் சேர்ந்த பெனவலன்ற் ஏஐ நிறுவனத்தார், முடக்குவாதத்துக்கு வழங்கப்பட்டுவந்த பாரிசிற்றினிப் என்னும் மருந்து புதிய கொரோனா நோய்க்கும் உதவக்கூடுமெனக் கணினித் தேடலின் துணைகொண்டு ‘லான்செற்’ இதழில் எழுதினர். வைரசு கலத்துள் நுழையத் துணைசெய்யும் நொதியமொன்றை அது தடுக்கும் என்பதே அத்தேடலை வழிநடத்திய ஏது. அழற்சி தணிதலையும் உடன் குறித்தனர். பரிசோதனைகள் மருந்தின் பயனை உறுதிசெய்தன. 2022 இல் உலக சுகாதார நிறுவனம் கடும் நோயாளருக்கு அதனைப் பரிந்துரைத்தது. ஆயின் கட்டுமீறிய நிர்ப்பீடனத் துலங்கலைத் தணிக்கும் மருந்தென்ற வகையிலேயே. முடிபு பலித்தது, முன்னின்ற ஏது பின்னுக்குச் சென்றது. இதனை அறிவென்பதா, நற்பேறான ஊகம் என்பதா? பிழைத்தெழுந்த நோயாளிக்கு இது வீண்தருக்கமாகத் தோன்றலாம். அவனைக் குறைகூற நான் துணியேன்.

ஏது தெளிவாயிருந்தும் முடிபு தவறியதுண்டு. 2006 மார்ச்சில் இலண்டனில் ரீஜீஎன் 1412 என்னும் பிறபொருளெதிரி நலமுள்ள ஆடவர் அறுவருக்கு ஏற்றப்பட்டது. குரங்குகளுக்குத் தீங்கு செய்யாத அளவின் ஐந்நூற்றிலொரு பங்கே அது. சில மணி நேரத்துள் அறுவரும் கடும் நோயுற்றனர். பல உறுப்புகள் செயலிழந்தன. உயிர் தப்பினரெனினும் ஒருவர் விரல்களை இழந்தார். அம்மருந்து பற்றும் ஏற்பி, மனிதரின் ஒருவகை நிர்ப்பீடனக் கலங்களில் இருப்பதுபோலக் குரங்கின் அதே கலங்களில் இல்லை என்பது பின்னரே தெரியவந்தது. இங்கே பொறி எதுவும் தவறவில்லை. மனிதரே கருதித் தவறினர்.

அப்படியாயின் ஏதுவினாற் பயன் என்ன? குரங்குக்கு ஒத்தது மனிதனுக்கும் ஒக்கும் என்ற ஏது வெளிப்படையாக நின்றமையாலேயே, அது முறிந்த இடத்தைப் பின்வந்தோர் தேடிக் காணமுடிந்தது. ஏது உரைக்காத முடிபு முறிந்தால் எங்கே தேடுவது? விரலிழந்தவனுக்கு யார் விடை கூறுவது? ஏதுவை நாம் வேண்டுவது உண்மையின் பொருட்டு மட்டுமன்று, ஊறுபட்டவனின் பொருட்டுமாம். ஒப்புதற் படிவத்தில் கையொப்பமிடுபவன் ‘ஏன் இம்மருந்து?’ என வினவுமிடத்து, ‘பொறி கூறிற்று’ என்பது விடையாகாது. அவ்விடையைத் தேடும் உழைப்பு, மூலக்கூறுகளின் பட்டியலைத் தந்த உயிரியலாளருக்கே உரியது. ஊசியேற்றும் வைத்தியர் தலையிற் சுமத்தத்தக்கதன்று.