முன்புலத்தில் ஒருத்தி

படத்தில் ஆழம் வேண்டுமென்றால் முன்னால் ஏதாவது ஒன்றை வை என்பது போட்டோக் கலையின் பாலபாடம். காகிதம் தட்டையானது. கிளையோ தூணோ ஆளோ காமிராவுக்கு அருகில் நின்றால், அதன் பெரிய உருவத்துக்கும் தொலைவில் உள்ளவற்றின் சிறிய உருவத்துக்கும் நடுவே கண் தானாக ஓர் இடைவெளியைக் கற்பித்துக்கொள்கிறது. இதில் அறப்பிரச்னை ஏதும் இருப்பதாக வெகுநாள் எனக்குத் தோன்றியதில்லை.

சங்கரன்கோவிலில் ஆடித்தபசு நாளொன்றின் காலையில் ராஜகோபுரத்தைப் படமெடுத்தேன். 9 நிலை, 125 அடி. வெறுமனே எடுத்தால் அஞ்சலட்டை. எனவே பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்த கிழவி ஒருத்தியை ஒரு மீட்டர் தூரத்தில் முன்னால் வைத்தேன். 28 மி.மீ. லென்ஸ், துவாரம் f/2.8, குவியம் கோபுரத்தில். எதிர்பார்த்தபடியே அவள் மங்கலான, கரிய, பெரிய உருவமாக விழுந்தாள். கோபுரம் அவளுக்குப் பின்னால் ஆழத்தில் எழுந்தது. நண்பர்கள் பாராட்டினார்கள்.

சில வாரம் கழித்து நான் வேலை பார்க்கும் வங்கிக்குப் பணமெடுக்க வந்தாள். பெருமையோடு படத்தைக் காட்டினேன்.

"கோவுரம் நல்லா விழுந்திருக்கு தம்பி. நான் எங்க இருக்கேன்?"

"இந்தா, முன்னாலதானே இருக்கீங்க, ஆச்சி."

"இதா? இது யாரு வேணும்னாலும் இருக்கலாம்லா."

அவள் பாஸ்புக்கிலும் ஒரு படம் ஒட்டியிருந்தது. பின்னால் வெள்ளைத் திரை. அதில் முகம் இருந்தது, ஊர் இல்லை. என் படத்தில் ஊர் இருந்தது, முகம் இல்லை.

துவாரத்தை f/16க்குக் குறுக்கி, ஒன்றரை மீட்டருக்குச் சற்று அப்பால் குவித்திருந்தால், அவளும் கோபுரமும் சேர்ந்தே தெளிவாகியிருப்பார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் மங்கலாக்கினேன். அவள் முகம் தெளிவாக இருந்தால் பார்ப்பவனின் கண் அங்கேயே நின்றுவிடும், கோபுரம் வரை போகாது என்று பயந்தேன். அந்தப் பயம்தான் என் குற்றம் என்று இப்போது நினைக்கிறேன்.

19ஆம் நூற்றாண்டில் நம் கோயில்களைப் படமெடுத்த வெள்ளையர் பலர், அளவு தெரிவதற்காக ஓர் ஆளைத் தூணருகே நிறுத்தினார்கள். குறிப்பில் கோயிலின் பெயர் உண்டு. ஆளின் பெயர் இராது. அவன் அளவுகோல். மனிதனை வெறும் சாதனமாக நடத்தாதே என்ற கான்ட்டின் கட்டளையை அவர்களுக்கு எதிராக எடுத்துக்காட்டுவது சுலபம். ஆனால் அதே வேலையை அழகின் பெயரால் செய்தவன் நான். ரகுவீர் சிங்கின் (1942–1999) படங்கள் வேறு வகை. அவற்றில் முன்னால் நிற்பவர்கள் பின்னணிக்கு வாசல் பிடிப்பதில்லை. தத்தம் காரியத்தில் இருக்கிறார்கள். ஆழம் அங்கே பலருக்குப் பொதுவானது.

நம் கதைகளை எடுத்துக்கொள்வோம். முதல் பாராவில் ஒரு ஏழைக் கிழவி வருவாள். அவளுக்குப் பின்னால் கதைசொல்லியின் துயரம் கூர்மையாக, நிலை நிலையாக எழும். கதை முடியும்போது அவனைப்பற்றி எல்லாம் தெரியும். அவளைப்பற்றி, அவள் முதல் பாராவில் இருந்தாள் என்பது மட்டும் தெரியும். இதை ஆழம் என்று நாம் பத்திரிகைகளில் எழுதியும் வந்திருக்கிறோம். இந்தக் கட்டுரையும் அதற்கு விலக்கல்ல என்று ஒருவர் சொன்னால் என்னிடம் பதிலில்லை.

எல்லாவற்றையும் தெளிவாக்கிவிட்டால் நியாயம் வந்துவிடாது. f/16 சம்மதம் கேட்பதில்லை. ஆனால் மங்கலாக்கப்பட்டவளால் கேட்கமுடியாத ஒன்றை, தெளிவாக விழுந்தவள் பார்ப்பவனிடம் கேட்கலாம்.

அரனையும் அரியையும் ஒருசேரக் காண வேண்டும் என்று கோமதியம்மன் தவமிருந்ததாக எங்கள் ஊர்ப் புராணம் சொல்கிறது. கிடைத்த காட்சி சங்கரநாராயணர். ஒரே உடம்பில் பாதிக்குப் பாதி. ஒருவர் மற்றவருக்கு முன்புலம் இல்லை. நான் படமெடுத்தது அந்தத் தபசு நாளில்தான்.

ஆச்சி இன்னொரு படம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளை எங்கே உட்காரச் சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.