சோதனைக் கீற்றும் பெண்ணின் சொல்லும்

பிரித்தானியாவின் மருந்துக் கடைகளிலே சிறு பெட்டி ஒன்று விற்பனைக்கு உண்டு. நாற்பதைக் கடந்த பெண்ணொருத்தி அதனை வாங்கிச் சென்று, அதிலுள்ள கீற்றைத் தன் சிறுநீரில் நனைத்து, மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்கிவிட்டதா எனச் சில நிமிடங்களில் அறியலாமாம். அறிய விரும்புவதில் தவறேதுமில்லை. ஆனால் அக்கீற்று உண்மையில் எதை அறிவிக்கின்றது?

மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி, சூலகத்தைத் தூண்டுவதற்கென ஓர் ஓமோனைச் சுரக்கின்றது. வயதேறச் சூலகம் செவிசாய்க்க மறுக்கின்றது. கபச்சுரப்பியோ, கேளாத பிள்ளையை உரத்துக் கூப்பிடும் தாயைப்போல, மேலும் மேலும் சுரக்கின்றது. ஒரு மில்லிலீற்றரில் அது ஏறத்தாழ 25 மில்லி சர்வதேச அலகுகளை எட்டினால் கீற்றில் கோடு தெரியும். ஆயின் இம்மாற்றக் காலத்தில் அந்த அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும். இன்று 'ஆம்' என்ற கீற்று அடுத்த வாரம் 'இல்லை' எனலாம். இரு நாளும் அது பொய் சொல்லவில்லை. அந்தந்த நாளின் அளவையே சொன்னது.

எனவேதான் அந்நாட்டு மருத்துவ வழிகாட்டலுக்குப் பொறுப்பான நைஸ் நிறுவனம் 2015இல், 45 வயதுக்கு மேற்பட்ட ஆரோக்கியமான பெண்ணுக்கு ஆய்வுகூடச் சோதனை வேண்டியதில்லை, அவள் கூறும் குறிகளே போதும் என்றது. திடீர் உடற்சூடு, இரவு வியர்வை, ஒழுங்கு தவறும் மாதவிடாய் என்பனவே அக்குறிகள். (நாற்பதுக்கு முன் மாதவிடாய் நிற்குமாயின் அது வேறு விடயம், மருத்துவரை நாடத் தாமதிக்கலாகாது.) கோட்டைக் கண்டு இனிக் கருத்தரிக்க மாட்டேன் என எண்ணுவதும் பிழை. பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து வராதிருந்தாலன்றி நின்றுவிட்டதாகக் கொள்வதில்லை. இயற்கை முறையில் நாட்களைக் கணிக்கும் தம்பதியர் இதனை மறத்தலாகாது.

அப்படியாயின், வைத்தியரே அவள் சொல் போதும் என்கையில், அவள் ஏன் பணம் கொடுத்துக் கீற்று வாங்குகிறாள்? வீட்டில் அச்சொல் செல்லுபடியாகாததாற்றான் என்பது எமது எண்ணம். "வர வரக் கோபம் கூடிப்போச்சு" என்கிறார்கள். "எல்லாருக்கும் உள்ளதுதானே" என்கிறார்கள். பல்வலி என்று கணவன் சொன்னால் எவரும் அத்தாட்சி கேட்பதில்லை. மனைவியின் வேதனைக்கு மாத்திரம் கடதாசிக் கீற்று சாட்சியாக வரவேண்டுமா?

கீற்று மனஆறுதல் தருகிறதே என்பார்கள். 'ஆம்' என்றால் தரும். 'இல்லை' என்று வந்தால்? கணவன் அதை எடுத்துப் பார்த்து, "ஒன்றுமில்லையே" என்று குப்பையிற் போட்டுவிடுவான். அன்றிரவும் அவள் வியர்வையில் நனைந்து விழித்திருப்பாள். முதலில் அவள் வாய்திறந்து சொன்ன அன்றே அவளுடன் வைத்தியரிடம் கூடப் போயிருக்கலாம்.