வட்டப்பாறையும் வரவு செலவும்

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர் கோயிலில் வட்டப்பாறை என்று ஒரு கல் இருக்கிறது. அதன் முன் நின்று பொய்ச் சத்தியம் செய்தவன் தப்பமாட்டான் என்பது இந்த வட்டாரத்தின் பழைய நம்பிக்கை. கல்லுக்கு ஒரு கதையும் உண்டு. தம்பிக்குச் சேர வேண்டியதை அண்ணன் அமுக்கிக்கொண்டான். பஞ்சாயத்து அவனைச் சத்தியம் செய்யச் சொன்னது. அவன் பொருளை ஒரு தடிக்குள் மறைத்து எடுத்துவந்தான். “இதைக் கொஞ்சம் பிடி” என்று தடியைத் தம்பியிடமே கொடுத்தான். பிறகு, “என்னிடம் எதுவும் இல்லை, இருப்பதெல்லாம் தம்பி கையில்தான்” என்று சத்தியம் செய்தான். சொன்ன சொல்லில் ஓரெழுத்துகூடப் பொய்யில்லை. திரும்பிப் போகும் வழியில் பாம்பு கடித்துச் செத்தான் என்று கதையை முடிக்கிறார்கள்.

பாம்பை நான் நம்பவில்லை. தடியை நம்புகிறேன். ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலுக்குப் பிறகும் அந்தத் தடி நம் கண்ணெதிரே கைமாறுகிறது.

தேர்தலில் நின்றவர், முடிவு வந்த 30 நாளுக்குள் தன் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். கணக்கு உண்மையானது என்று பிரமாணமும் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் செலவு செய்யக்கூடியது 40 லட்சம் ரூபாய் என்று 2022 ஜனவரியில் வரையறுத்தார்கள். இது வேட்பாளருக்குத்தான். அவரை நிறுத்திய கட்சிக்கு உச்சவரம்பே கிடையாது. நட்சத்திரப் பேச்சாளர் ஹெலிகாப்டரில் வந்திறங்கினால், அந்தப் பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் ஏறாது. வேட்பாளர் பெயரைச் சொல்லாமல் கட்சிக்காக மட்டும் செய்யும் விளம்பரமும் ஏறாது. கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1974-இல் இந்த வழியை அடைக்கப் பார்த்தது. வேட்பாளருக்காகக் கட்சி செய்ததும் வேட்பாளர் செலவே என்றது தீர்ப்பு. அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி வழியைத் திறந்துவிட்டார்கள். 2003-இல் ஒரு பகுதியை மூடினார்கள், முழுவதையும் மூடவில்லை. ஆகவே வேட்பாளர் கையை விரித்துக் காட்டலாம். தடி வேறொருவர் கையில் இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இந்த வட்டாரத்து விக்கிரவாண்டித் தொகுதியில் 2024-இல் வாக்காளர்கள் 2.3 லட்சத்துக்கு மேல். 40 லட்சத்தைப் பங்கிட்டால் ஆளுக்கு 17 ரூபாய். இரண்டு டீ குடிக்கவும் காணாது. வாக்காளரில் பாதிப் பேருக்குத் தலைக்கு 500 ரூபாய் கவர் போட்டால், அது மட்டுமே 5 கோடியைத் தாண்டும். மண்டபம், வண்டி, சாப்பாடு, பூத் செலவு எல்லாம் தனி.

இந்தத் தொகுதியை 2019 இடைத்தேர்தலில் அ.தி.மு.க. 44 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றது. 2021 பொதுத்தேர்தலில் தி.மு.க. 10 ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் திரும்பப் பிடித்தது. 2024 ஜூலை இடைத்தேர்தலில் அதே தி.மு.க.வின் வித்தியாசம் 67 ஆயிரத்தைத் தாண்டியது. இரண்டு இடைத்தேர்தலிலும் வென்றது அப்போது ஆட்சியில் இருந்த கட்சி. 2024-இல், ஆளுங்கட்சி பணத்தை இறக்கும் என்று சொல்லி அ.தி.மு.க. போட்டியிடவே இல்லை. 2015-இல் ஆர்.கே. நகரைப் புறக்கணித்தது தி.மு.க. 2009-இல் ஐந்து தொகுதி இடைத்தேர்தலைப் புறக்கணித்தது அ.தி.மு.க. எதிர்க்கட்சியாக இருக்கும்போது மட்டும் எல்லோருக்கும் பணநாயகம் கண்ணில் படுகிறது.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகுதான் ஒரு மூலை வெளிச்சத்துக்கு வந்தது. தி.மு.க. பத்திரங்கள் வழியாகப் பெற்றது சுமார் 656 கோடி ரூபாய். அதில் 509 கோடி ஒரே லாட்டரி நிறுவனத்திடமிருந்து. அதே நிறுவனம் வேறு கட்சிகளுக்கும் கொடுத்திருக்கிறது. பத்திரங்களில் மிக அதிகம் வாங்கியது பா.ஜ.க. லாட்டரி தமிழ்நாட்டில் 2003-இலேயே தடைசெய்யப்பட்ட தொழில். பிற மாநிலங்களில் தினக்கூலிக்காரன் சீட்டு வாங்கிப் போட்ட காசு, இங்கே கொள்கை பேசும் மேடையின் விளக்காக எரிந்திருக்கிறது. இது எனக்கு ஆறாத வேதனை. 1967 தேர்தலுக்கு அண்ணா 10 லட்சம் கேட்டார், கலைஞர் 11 லட்சமாகத் திரட்டிக் கொடுத்தார். நாடகம் போட்டும் மாநாட்டுக்கு டிக்கெட் விற்றும் வளர்ந்த இயக்கம் அது. காசு கொடுத்துப் பேச்சுக் கேட்டவன், மறுநாள் கட்சிக்காரனை நிறுத்திக் கேள்வி கேட்டான்.

இன்று காசு எதிர்த்திசையில் வருகிறது, கூடவே கற்பூரமும் வருகிறது. கவரைக் கொடுத்துவிட்டு, சாமி படத்தின் மேல் கை வை, பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய் என்கிறார்கள். “வாங்கிட்டோம், மாத்திப் போட்டா பாவம் பிள்ளைங்களைப் பிடிக்கும்” என்று அஞ்சும் தாய்மார்கள் இந்தப் பக்கத்தில் நிறைய. அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அம்மா, அந்தச் சத்தியம் செல்லாது. சட்டத்துக்குப் புறம்பான காரியத்துக்காகச் செய்த ஒப்பந்தத்தை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே செல்லாது என்கிறது. பயத்தைக் காட்டி வாங்கிய சொல்லைக் காப்பாற்றுவது அறமாகாது. கவர் வாங்குவது குற்றம், தவறும்கூட. அந்தத் தவற்றை ஓட்டையும் கொடுத்து முழுமையாக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

500 ரூபாய்க்கு விலைபோன மக்கள் என்று திட்டுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. திட்டுகிறவர்களில் எத்தனை பேர் தங்களுக்குப் பிடித்த ஒரு நேர்மையான வேட்பாளருக்கு 200 ரூபாய் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறார்கள்? திரௌபதி அம்மன் தீமிதிக்குத் தலைக்கட்டு வரி போட்டால் நம் ஊர்களில் கொடுக்காத வீடில்லை. பாரதக் கூத்துக்கு எவ்வளவு, பந்தலுக்கு எவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் கணக்கு வாசிக்கச் சொல்கிறார்கள், பத்து ரூபாய் இடித்தாலும் விடுவதில்லை. தன் காசு போன இடத்தில் கணக்குக் கேட்கிற உரிமை யாரும் கற்றுக்கொடுக்காமலே வருகிறது. விக்கிரவாண்டியில் 20 ஆயிரம் பேர் ஆளுக்கு 200 ரூபாய் போட்டால் சட்டம் அனுமதிக்கும் 40 லட்சமும் சேர்ந்துவிடும். பதினோரு வாக்காளருக்கு ஒருவர் போட்டால் போதும். நாம் போடாத அந்த இடத்தில் லாட்டரிக்காரரும் ஒப்பந்தக்காரரும் மணல்காரரும் போடுகிறார்கள். வென்றவர் முதலில் அவர்கள் முகத்தைப் பார்க்கிறார். அதில் எனக்கு ஆச்சரியமில்லை. பெரியார் தன் கையெழுத்துக்கே காசு வாங்கினார், தேர்தல் பக்கம் போகாத இயக்கத்துக்கு அதைச் சேர்த்தார். சிறுகாசின் மதிப்பை அவர் அறிந்திருந்தார்.

பொய்ச் சத்தியத்துக்குப் பாம்பு வரும் என்று உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. வேட்பாளர் கொடுத்த கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தேர்தல் நடத்தை விதிகளின்படி பார்வையிட ஒரு ரூபாய் கட்டணம், நகலுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். திருவாமாத்தூரிலிருந்து விழுப்புரம் ஆட்சியர் அலுவலகம் சில கிலோமீட்டர்தான். நாற்காலிக்கு இவ்வளவு, டீக்கு இவ்வளவு, பிரியாணிக்கு இவ்வளவு என்று தேர்தலுக்கு முன்பே அங்கு விலைப்பட்டியல் போடுகிறார்கள். உங்கள் ஊர்க் கூட்டத்துக்கு எத்தனை வண்டி வந்தது, எத்தனை நாற்காலி போட்டார்கள், எத்தனை பொட்டலம் கொடுத்தார்கள் என்பதை அன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கணக்கு தாக்கலானதும் பத்துப் பேர் சேர்ந்து போய், அந்தத் தேதிக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.