ஏரிக்குள் ஒரு பஸ் ஸ்டாண்டு

மழைக்காலத்தில் விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கிய அனுபவம் உங்களுக்கு உண்டா? செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, மேடு எது பள்ளம் எது என்று தெரியாமல் நடக்க வேண்டும். அப்படி நடந்து ஒருமுறை டீக்கடையில் ஒதுங்கினேன். “என்னங்க, வருஷா வருஷம் இதே கதையா?” என்று கேட்டேன். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “தண்ணிய குத்தம் சொல்லி இன்னா சார் பண்றது? இது ஏரி. அது வூட்டுக்கு அது வருது. நாமதான் குறுக்க நிக்கறோம்.”

அவர் பேச்சுக்காகச் சொல்லவில்லை. அந்த நிலையம் நிற்பது ஏரி இருந்த இடத்தில்தான். 1993-ல் விழுப்புரம் மாவட்டத் தலைநகரானது. ஊர் பெருத்தால் பெரிய பஸ் ஸ்டாண்டு வேண்டும். ஊருக்குப் பக்கத்திலேயே, காசு கொடுத்து வாங்காமல், அகலமாகக் கிடைக்கிற நிலம் எது? எந்த ஊரிலும் பதில் ஒன்றுதான். சென்னையில் தி.நகரே 1920-களில் ஒரு பெரிய ஏரியைத் தூர்த்து எழுந்ததுதான். வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்.

நான் பி.காம். படித்தவன். ஏரியைக் கணக்கில் எழுதுவதில் உள்ள சங்கடம் எனக்குப் புரிகிறது. கிணறுகளை ஊற வைக்கிறது, வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது. ஆனால், எதற்கும் ரசீது கொடுப்பதில்லை. ரசீது இல்லாத சொத்தை நாம் ‘சும்மா கிடக்கு’ என்று சொல்லிவிடுகிறோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அப்போதுதான் மொத்த பில்லும் வந்தது.

அந்தத் திண்டிவனத்தில் கிடங்கல் என்றொரு பகுதி இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை பாடும் நல்லியக்கோடனின் ஊர். பழந்தமிழில் ‘கிடங்கு’ என்றால் அகழி. இன்று கிடங்கு என்றால் குடோன். தண்ணீர் நின்ற சொல்லிலேயே மூட்டை அடுக்கிவிட்டோம்!

சரி, பொது நன்மைக்காகச் செய்தது தவறா? சுலபமாகத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. கைக்குழந்தையோடு நெடுஞ்சாலை ஓரம் ராத்திரியில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணுக்குக் கூரையும் விளக்கும் வேண்டாமா? வேண்டும். அந்த நிலையத்தால் பயனடைந்தவர்களில் நானும் ஒருவன்.

எனக்கு உறுத்துவது வேறு. 2007-ல் ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால், கரையில் குடிசை போட்டவன் ஆக்கிரமிப்பாளன். நடு ஏரியில் காங்கிரீட் போட்டால் வளர்ச்சித் திட்டம். தண்ணீருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

இப்போது ஏரிக்கரைகளைப் பூங்கா ஆக்குவது நடக்கிறது. கோவை உக்கடம் பெரியகுளத்தில் நடைபாதை, விளக்கு, செல்ஃபி எடுக்க இடம் எல்லாம் வந்துவிட்டன. மாலையில் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாகவே இருக்கிறது. ஆனால், அந்த நகரத்தின் குளக்கரைகளில் குடியிருந்த பல குடும்பங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு அனுப்பிவிட்டார்கள். கரை அழகாகும்போது கரையில் இருந்தவர்கள் காணாமல் போனால், அது யாருடைய பூங்கா?

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டை இடிக்கச் சொல்லவில்லை. ‘இது ஏரி, நாம் எடுத்துக்கொண்டோம்’ என்று முதலில் ஒப்புக்கொள்ளலாம். மிச்சமிருக்கும் பள்ளத்தைச் சிமென்ட் பூசாமல் விட்டு, மரம் வைத்து, வெயிலில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் உட்காரவும் மழையில் தண்ணீர் நிற்கவும் இடம் பண்ணலாம். வாய்க்கால்களைத் திறந்துவிடலாம். கரையில் இருப்பவரை நகர்த்தித்தான் ஆக வேண்டுமென்றால், அவர் நடந்து வேலைக்குப் போகிற தூரத்தில் வீடு கொடுக்கலாம்.

வங்கிக் கணக்கில் ‘வாராக்கடன்’ என்று ஒன்று உண்டு. ஆனால், அப்படி எழுதி முடிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். வாங்கியவரே எழுதிக்கொள்ள முடியாது. நமக்குக் கடன் கொடுத்தவரோ இன்னும் எழுதவில்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும் நேரில் வந்து, முழங்கால் அளவுக்கு நின்று கேட்டுவிட்டுப் போகிறார்.