பிஸ்மத் இருந்த மேசை

ஆகஸ்ட் 30.

ஆலிவர் சாக்ஸ் நியூயார்க்கில் காலமான நாள். 2015-இல், 82 வயதில். நரம்பியல் மருத்துவர், நோயாளிகளின் வாழ்க்கையை எழுதியவர் என்று உலகம் அவரை வைத்திருக்கிறது. எனக்கு முதலில் கண்ணில் வருவது வேறு காட்சி. மன்ஹாட்டனில் பார்க் அவென்யூ வடக்கே போகப்போக, ரயில் பாதையைத் தாங்கிக்கொண்டு ஒரு பழைய கற்சுவர் எழும். தலைக்கு மேலே ரயில் ஓடுகிறது. பெரிய உடம்பும் வெள்ளைத் தாடியுமாக ஒருவர், கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிறார். கல்லிடுக்கில், காரை உதிர்ந்த இடத்தில், சின்னதாக ஒரு பெரணி. பெரணிச் சங்கத்து நண்பர்கள் எல்லோருமாக அப்படிப் போய்ச் சுவரைப் பார்த்த ஒரு காலையை அவரே எழுதியிருக்கிறார். எத்தனையோ லட்சம் பேர் கடந்துபோகும் சுவர் அது.

*

பொழுதுபோக்கு என்ற சொல் இவருக்குப் பொருந்தவில்லை. பொழுது போகாமல் கிடக்கிறவன் அதைத் தள்ளிவிடுவதற்குச் செய்யும் காரியம் என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவர் பொழுதைப் போக்கவில்லை, பிடித்து நிறுத்தினார். பெரணி, உலோகம், நீச்சல், பியானோவில் பாக்கின் இசை, இளமையில் மோட்டார் சைக்கிளும் பளு தூக்குதலும். 1961-இல் தோளில் 600 பவுண்டு பாரத்தோடு உட்கார்ந்து எழுந்து கலிபோர்னியா மாநிலச் சாதனை படைத்தவர், பிற்காலத்தில் ஒரு துளிர் விரிவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

*

பெரணி மோகம் அம்மா வழியாக வந்தது. அம்மா லண்டனில் அறுவை மருத்துவர். பெரணிகள் மேல் பெரும் பிரியம் உள்ளவர். பெரணிக்குப் பூ இல்லை, கனி இல்லை, விதையும் இல்லை. இலையின் அடிப்புறத்தில் பழுப்புப் பொட்டுகளாக ஒட்டியிருக்கும் வித்துத்தூள்தான் அதன் வம்சம். பூக்கள் உலகத்துக்கு வருவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பெரணிகள் காடுகளை நிறைத்திருந்தன. அந்த ஆரவாரமற்ற பழமைதான் சாக்ஸை இழுத்தது.

2000-ஆம் ஆண்டு பெரணிச் சங்கத்தாரோடு மெக்சிகோவின் வஹாகா மாநிலத்துக்குப் போனார். அங்கே எழுதிய நாட்குறிப்பு 2002-இல் புத்தகமானது. காய்ந்து சுருண்டு செத்துப்போனதுபோல் கிடந்து, தண்ணீர் பட்டதும் விரிந்து பச்சையாகும் பெரணிகள் அதில் வரும். ஆனால் அந்தப் புத்தகத்தில் நான் திரும்பத் திரும்பப் போவது செடிகளிடம் அல்ல, உடன் வந்த மனிதர்களிடம். வேறு வேறு தொழில் செய்கிறவர்கள், செடி மேல் உள்ள ஆசையால் மட்டும் கூடியவர்கள். அமெச்சூர் என்ற சொல்லின் வேரில் இருப்பது அன்புதான். அவர்களைப் பார்த்து அவர் மகிழ்ந்ததில் அந்தப் பொருள் இருந்தது.

அவருக்கு முகங்கள் நினைவில் நிற்காது. பக்கத்து வீட்டுக்காரரையும், சில சமயம் கண்ணாடியில் தெரியும் தன்னையுமேகூட அடையாளம் தெரியாமல் தடுமாறுகிற குறைபாடு. கூட்டங்களில் கூசி ஒதுங்குவார். ஆளுக்கு ஆள் முகம் பார்த்துப் பேச வேண்டாமல், எல்லோரும் சேர்ந்து ஒரே இலையைப் பார்க்கும் கூட்டம் அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஊரில் எங்கள் கிணற்றின் உள்சுவரிலும் பெரணி உண்டு. சிறு வயதிலிருந்து நீர் இறைத்த கிணறு. அவரைப் படித்த பிறகுதான் ஒரு நாள் குனிந்து பார்த்தேன்.

*

1966-இல் பிராங்க்ஸில் உள்ள பெத் ஆபிரகாம் மருத்துவமனையில் சேர்ந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் பரவிய மூளை அழற்சி நோயில் தப்பிப் பிழைத்து, பல பத்தாண்டுகளாகச் சிலைபோல் உறைந்திருந்தவர்கள் அங்கே இருந்தார்கள். 1969-இல் எல்-டோபா மருந்து கொடுத்தபோது அவர்கள் பேசினார்கள், நடந்தார்கள். பிறகு பலருக்கு அந்த விழிப்பே பெரும் துன்பமாகவும் திரும்பியது. 1973-இல் வந்த ‘அவேக்கனிங்ஸ்’ அந்தக் கதை. உலகறிந்த கதை என்பதால் இங்கே நீட்டவில்லை. மருந்துக்கு முன்பே அவர் அந்த மனிதர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று நம்பிக் காத்திருந்தார். அதுதான் எனக்குப் பெரிது.

நோயாளிகளைத் தோட்டங்களுக்கு அழைத்துப் போவார். தீராத நரம்பு நோய் உள்ளவர்களுக்கு மருந்தல்லாத மருந்தாகத் தன் நீண்ட அனுபவத்தில் கண்டவை இரண்டே, இசையும் தோட்டமும் என்று எழுதியிருக்கிறார். பார்கின்சன் நோயால் அடிக்கடி உறைந்து நின்றுவிடும் ஒரு மூதாட்டி, தோட்டத்துக்குள் போனதும் யார் கையையும் பிடிக்காமல் பாறைகளில் ஏறி இறங்கியதை அவர் விவரிக்கும் இடத்தில் நான் எப்போதும் புத்தகத்தைச் சற்று மூடிவைப்பேன். தனக்குப் பிடித்ததைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாத மனசு அது.

*

அவருடைய அப்பா நீச்சல் வீரர். நடை பழகும் முன்பே பிள்ளைகளைத் தண்ணீரில் விட்டவர். மகன் முதுமை வரைக்கும் தண்ணீரை விடவில்லை. ஓர் ஏரியில் நீந்தும்போது வாக்கியங்கள் தாமாகவே வரும். அவ்வப்போது கரையேறி, உடம்பு சொட்டச் சொட்ட எழுதிவிட்டு மறுபடி இறங்குவார். காலில் அடிபட்ட அனுபவத்தை எழுதிய புத்தகத்தில் பெரும்பகுதி அப்படித்தான் உருவானது. கையெழுத்துப் பிரதி முழுக்க நீர்க்கறை.

நியூயார்க்கின் சிட்டி தீவைச் சுற்றி நீந்திக்கொண்டிருந்த ஒரு நாள், கரையில் அழகான சிறு மண்டபம் கண்ணில் பட்டது. ஏறிப்போனார். தெருவில் ஒரு சின்னச் சிவப்பு வீடு விற்பனைக்கு இருந்தது. ஈர உடம்போடு வீட்டைச் சுற்றிப் பார்த்து, நீச்சல் உடையிலேயே தரகரைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டு, மறுபக்கம் கடலில் இறங்கி நீந்தித் திரும்பினார். பல ஆண்டுகள் அந்த வீட்டில் வாழ்ந்தார்.

*

ஆறு வயதில், இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது, லண்டனிலிருந்து தூரத்து விடுதிப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பப்பட்டார். அடியும் பசியும் உள்ள இடம். அங்கே எண்கள் துணையிருந்தன. வீடு திரும்பிய பிறகு தனிமங்கள். மின்விளக்குக்கு டங்ஸ்டன் இழை செய்யும் மாமா ஒருவர் இருந்தார். அந்தக் கனத்த உலோகத்தைப் பையனின் கையில் கொடுத்தவர் அவர். போர் முடிந்து திறந்த லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில், சுவர் உயரத்துக்கு நின்ற தனிம அட்டவணையைப் பார்த்துப் பையன் இரவெல்லாம் தூங்கவில்லை. நாம் பள்ளியில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த அதே அட்டவணைதான்.

வயதுக்கு ஒரு தனிமம் என்று கணக்கு வைத்திருந்தார். 81-க்குத் தாலியம், 82-க்கு ஈயம். 2015 தொடக்கத்தில், கண்ணில் வந்து அடங்கியிருந்த புற்று கல்லீரலுக்குப் பரவிவிட்டது தெரிந்தது. அந்த ஜூலையில் தன் மேசையைப் பற்றி எழுதினார். அதில் தாலியம் இருந்தது, ஈயம் இருந்தது. பிள்ளைப் பருவத்தை நினைவூட்ட நான்காம் தனிமமான பெரிலியம். கதிர்வீச்சு உள்ளதால் ஈயப் பேழைக்குள் 90-ஆம் தனிமம், தோரியம். உயிரும் இல்லாத, சாவும் இல்லாத அந்த உலகத்துக்குத் துயரம் வரும்போதெல்லாம் சிறு வயதிலிருந்தே திரும்பிவந்ததாக அதில் சொல்கிறார்.

பிஸ்மத்தும் அங்கே இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இயற்கைப் பிஸ்மத், பொலிவியச் சுரங்கம் ஒன்றிலிருந்து வந்த சின்னக் கட்டிகள். தனிம எண் 83. அடக்கமான, சாம்பல் நிற உலோகம். உலோகப் பித்து உள்ளவர்களும் அதிகம் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஒதுக்கப்பட்டவர்கள் மேல் ஒரு மருத்துவராகத் தனக்குள்ள பரிவு, உயிரற்ற பொருள்கள் வரைக்கும் நீண்டு, பிஸ்மத்தின் மேலும் விழுகிறது என்று எழுதினார். சாகப்போகிறவர், கவனிப்பார் இல்லாத ஓர் உலோகத்துக்காக இரங்கி ஒரு பத்தி எழுதியிருக்கிறார். இன்று இதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிஸ்மத் சிதையாதது என்றே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 2003-இல்தான் அதுவும் மிக மிக மெல்லக் கரைகிறது என்று அளந்து கண்டார்கள். பாதி கரைய ஆகும் காலம், பிரபஞ்சத்தின் வயதைப்போல் நூறு கோடி மடங்குக்கும் மேல்.

எண்பத்து மூன்றாம் பிறந்தநாளைத் தான் பார்க்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். 83 மட்டும் முன்னதாகவே வந்து மேசையில் உட்கார்ந்திருந்தது.