யார் கொடுத்த வாக்கு?

சென்ற மாதம் ஒருநாள் இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பும் வழியில், தெருமுனையில் இளைஞர் சிலர் காரசாரமாக வாதாடிக்கொண்டிருந்தனர். நம்மைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்கள். ஏதேனும் மார்க்க மஸ்அலாவாக இருக்குமோ என்று நின்றோம். இல்லை, கால்பந்தாட்டக்காரர் ஒருவரைப் பற்றிய வழக்கு. 14 வயதில் உலகமே திரும்பிப் பார்த்த ஒருவர் பின்னாளில் ஒன்றுமில்லாமற் போய்விட்டாராம். "அவன் எல்லாரையும் ஏமாத்திட்டான் ஹஜ்ரத்" என்றார் அவர்களுள் ஒருவர்.

நமக்குப் பந்தாட்டம் தெரியாது. ஆனால் 'ஏமாற்றிவிட்டான்' என்ற அந்தச் சொல் வீடு வரையில் நம்முடன் வந்தது. அன்றிரவு உறங்கவும் விடவில்லை.

தமிழில் 'ஏமாற்றம்' இரு முகம் உடைய சொல். ஒருவன் பிறனை வஞ்சிப்பதும் ஏமாற்றமே. நினைத்தது கைகூடாதபோது நெஞ்சில் விழும் வெறுமையும் ஏமாற்றமே. அரபியில் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. முன்னதைக் 'கதீஅத்' என்பர். பின்னதைக் 'கைபத்' என்பர். ஒன்றுக்கு ஒரு குற்றவாளி வேண்டும், மற்றொன்றுக்கு வேண்டியதில்லை. தமிழ் இவ்விரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்ததைக் குறையென்று நாம் சொல்லமாட்டோம். மனித நெஞ்சை அது நன்கு அறிந்திருக்கிறது போலும். நினைத்தது நடவாமற் போனால், நம்மை ஏமாற்றியவன் யார் என்று தேடுவதுதானே நம் இயல்பு!

மறுநாள் அந்த இளைஞர்களையே அழைத்து, அந்த ஆட்டக்காரரின் வரலாற்றைக் கேட்டோம். நாமும் தேடிப் படித்தோம். அவர் பெயர் ஃபிரெடி அடூ. 1989இல் கானா நாட்டின் துறைமுக நகரமான தெமாவில் பிறந்தவர். குடியேற்ற அனுமதிக்கான குலுக்கலில் பெயர் விழுந்ததால், 1997இல் அவர் குடும்பம் அமெரிக்காவின் மேரிலாந்துக்குச் சென்றது. தாயார் இரண்டு வேலைகள் பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார். மகனின் காலில் இருந்த வித்தையைப் பிறர் கண்டுகொள்ள நெடுநாள் ஆகவில்லை. 2003ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கத் தொழில்முறை லீக் அவருடன் ஒப்பந்தம் செய்தது. 2004 ஏப்ரல் 3ஆம் நாள், வாஷிங்டன் நகரின் டி.சி. யுனைடெட் கழகத்துக்காக அவர் களமிறங்கியபோது வயது 14. இரண்டு வாரங்களில் முதல் கோலும் அடித்தார். அந்த லீகில் ஆடிய மிக இளையவர் என்ற அவரது சாதனை 20 ஆண்டுகள் நின்றது. 2024 ஜூலையில் அவரைவிடச் சில நாட்கள் இளையவரான மற்றொரு சிறுவன் அதை முறியடித்தான்.

ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் சம்பளம். அந்த லீகிலேயே அதுதான் மிக அதிகம். காலணி நிறுவனம் ஒன்று 10 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் எழுதிக்கொண்டது. 1958இல் 17 வயதில் உலகக் கோப்பையை வென்ற பேலேயுடன் ஒரு குளிர்பான விளம்பரத்தில் அச்சிறுவன் நிறுத்தப்பட்டான். 'புதிய பேலே' என்று ஊர் பேசியது. அப்படிச் சொல்லும்படி அவன் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை.

பின்னர் நடந்தது என்ன? டி.சி. யுனைடெட்டில் மூன்று பருவங்களில் 87 லீக் ஆட்டங்கள், 11 கோல்கள். 2006இல் அமெரிக்க நாட்டு அணியிலும் மிக இளைய வயதில் ஆடினார். 2007இல் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் அமெரிக்க அணிக்குத் தலைமை தாங்கி, போலந்துக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். அத்தொடரில் பிரேசிலையும் அந்த அணி வென்றது. அவ்வாண்டே போர்த்துகலின் பென்ஃபிகா அவரை விலைக்கு வாங்கியது. அங்கு நிலைக்கவில்லை. அதன்பின் மொனாக்கோ, கிரீஸ், துருக்கி, மீண்டும் அமெரிக்கா, பிரேசில், செர்பியா, பின்லாந்து என்று ஊர் ஊராக அலைச்சல். 2020இல் சுவீடனின் மூன்றாம் படிநிலைக் கழகமொன்று அவரை எடுத்துக்கொண்டு, சில மாதங்களில் விடுவித்தது. நாட்டு அணிக்காக ஆடியவை மொத்தம் 17 ஆட்டங்கள்; அடித்தவை 2 கோல்கள்.

'பார்த்தீர்களா ஹஜ்ரத், ஏமாற்றந்தானே?' என்கிறார்கள் நம் இளைஞர்கள்.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. வாக்கு மீறியவன் என்று ஒருவனைச் சொல்ல வேண்டுமாயின், முதலில் அவன் வாக்குக் கொடுத்திருக்க வேண்டும். வாக்கு என்பது கொடுப்பவனுடைய நாவிலிருந்து பிறப்பது. எதிர்பார்ப்போ, எதிர்பார்ப்பவனுடைய நெஞ்சில் பிறப்பது. அடுத்த வீட்டுக்காரரின் மாமரம் நம் முற்றத்தில் பழம் உதிர்க்கும் என்று நாமாக எண்ணிக்கொண்டு, உதிர்க்காதபோது அவரிடம் வழக்குக்குப் போவாரும் உண்டோ?

சிறுவன் ஃபிரெடி பேலே ஆவான் என்ற வாக்கை யார் கொடுத்தது? அந்த லீக் 1996இல் தொடங்கியது. 2002இல் ஃபுளோரிடா மாநிலத்தின் இரண்டு கழகங்களை மூடிவிட்டு, 10 கழகங்களுடன் தட்டுத்தடுமாறி நின்றது. மக்களை மைதானத்துக்கு அழைத்துவர ஒரு முகம் வேண்டியிருந்தது. ஆக, அந்த எதிர்பார்ப்பு தானாக முளைத்ததன்று, தேவையுடையவர்களால் விதைக்கப்பட்டது. வாக்குக் கொடுத்தவர்கள் பெரியவர்கள். அதற்குப் பிணையாக வைக்கப்பட்டவன் ஒரு பிள்ளை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யாவு உலூமித்தீன்' நூலில், நம்பிக்கையைப் பற்றிப் பேசுமிடத்தில் ஓர் உழவனை உவமையாக்குகிறார்கள். நல்ல நிலம் தேர்ந்து, நல்ல விதையிட்டு, நீர் பாய்ச்சி, களை பறித்து, அதன்பின் இறையருளை எதிர்நோக்கி இருப்பவனுடைய நிலைதான் 'ரஜா', அதாவது உண்மையான நம்பிக்கை. கரம்பில் விதையை வீசிவிட்டுப் பராமரியாமல் விளைச்சலுக்குக் காத்திருப்பது தன்னைத்தான் ஏய்க்கும் மடமை. நல்ல நிலத்தில் விதைத்தும், நீருக்கு வழி செய்யாமல் மழையை எண்ணியிருப்பது 'தமன்னி', வெறும் ஆசை. இமாமவர்கள் பேசியது மறுமையைப் பற்றி. நாம் அதைப் பந்தாட்டத்துக்கு இழுப்பதைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும். ஆயினும் இந்தப் பாகுபாடு எங்கும் செல்லுபடியாகும் என்றே நமக்குத் தோன்றுகிறது. 14 வயதுப் பயிரை நாற்றங்காலில் வைத்து வளர்ப்பதை விட்டு, முற்றிய பயிருக்கிடையே நட்டுவிட்டு, அதன்முன் படப்பெட்டிகளையும் நிறுத்தி, 'எப்போது கதிர் வரும்?' என்று கேட்டவர்களின் எதிர்பார்ப்பு மூன்றில் எந்த வகை? ரஜா என்று சொல்ல நம் நா எழவில்லை.

ஆனால் வழக்கு இத்துடன் முடியவில்லை. நம் இளைஞர்களுள் கூர்மையான ஒருவர், 'அவர் சம்பளம் வாங்கினாரே ஹஜ்ரத்?' என்று கேட்டார். நல்ல கேள்வி. கூலி வாங்கியவன்மீது கடமை உண்டு. அதை மறுப்பவன் நீதி பேசத் தகாதவன். பயிற்சிக்கு ஒழுங்காக வருதல், உடலைப் பேணுதல், களத்தில் முழு வலிமையையும் செலுத்துதல் ஆகியவை ஆட்டக்காரன் வாங்கிய பணத்துக்குக் கொடுக்க வேண்டிய கடன். இளமையில் திறமையை நம்பி இருந்துவிட்டதாகவும், இன்னும் கடுமையாக உழைத்திருக்க வேண்டும் என்றும் அடூ அவர்களே பிற்காலப் பேட்டிகளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். எனவே அவர்மீது குற்றமே இல்லையென்று தீர்ப்பெழுத நாம் முற்படவில்லை. அவர் ஒப்புக்கொண்ட அளவுக்கு அவர் பொறுப்பாளி.

எனினும் அந்த 10 லட்சம் டாலர் எதற்கான விலை? அவன் அடித்த கோலுக்கன்று. அப்போது அவன் தொழில்முறை ஆட்டத்தில் ஒரு கோலும் அடித்திருக்கவில்லை. பிறர் அவனைப் பற்றிக் காணும் கனவுக்குத் தரப்பட்ட விலை அது. கனவை விற்க ஒரு சிறுவனுக்கு உரிமை உண்டா? நம் சட்ட நூல்களில் பருவமெய்துதல் ஒன்று, 'ருஷ்து' எனப்படும் விவேகம் மற்றொன்று. அநாதைப் பிள்ளை பருவமெய்திவிட்டான் என்பதாலேயே அவன் சொத்தை அவன் கையில் ஒப்படைத்துவிட மாட்டார்கள். விவேகம் தென்படுகிறதா என்று சோதித்துப் பார்த்தே கொடுப்பார்கள். தன் பணத்தை ஆளவே இவ்வளவு நிபந்தனை என்றால், உலகத்தாரின் கனவை ஆளும் பொறுப்பை 14 வயதில் ஒருவன் தோளில் ஏற்றிவிட்டு, அவன் தள்ளாடினான் என்று குறை சொல்வது என்ன நீதி?

அளவுகோலைப் பற்றியும் ஒரு சொல். இங்கிலாந்தின் வெயின் ரூனி 17 வயது நிறையச் சில நாட்கள் இருக்கையில், 2002இல் ஆர்சனல் அணிக்கு எதிராக அடித்த கோலால் புகழ்பெற்றவர். பின்னாளில் தம் நாட்டுக்காக 53 கோல்களும், மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக 253 கோல்களும் அடித்தார். நாட்டுச் சாதனை 2023 வரை அவருடையதாகவே இருந்தது. அவரைப் பற்றியும், 'இன்னும் பெரிய ஆளாகியிருக்க வேண்டியவர்' என்று பேசுவோர் உளர். மாறாக, பிரான்சின் இங்கோலோ காண்டே சிறு வயதில் பயிற்சிக் கூடங்களால் ஒதுக்கப்பட்டு, கீழ்நிலைக் கழகத்தில் ஆடி வந்தவர். 2016, 2017 ஆண்டுகளில் அடுத்தடுத்து இரு வேறு கழகங்களுடன் இங்கிலாந்து லீகையும், 2018இல் உலகக் கோப்பையையும் வென்றார். அவர் எதிர்பார்ப்பை நிறைவேற்றினாரா என்று எவரும் கேட்டதில்லை. எதிர்பார்ப்பே இருந்ததில்லை அல்லவா! ஒருவனுடைய வாழ்வை அளக்கிறோம் என்று எண்ணிக்கொண்டு, நாம் முன்பு சொன்ன சொல்லுக்கும் பின்பு நடந்ததற்கும் உள்ள இடைவெளியைத்தான் அளக்கிறோம். அந்த இடைவெளியில் பாதி நம்முடைய பிழை.

பிள்ளைப் பருவத் திறமையை இனங்காண்பதிலேயே கண் தவறுகிறது. வயது வரம்பு ஜனவரி முதல் நாளென்று வகுக்கப்படும் இடங்களில், இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் சில மாதங்களில் பிறந்தவர்களே மிகுதி என்று ஆய்ந்தவர்கள் சொல்கிறார்கள். டிசம்பரில் பிறந்தவனைவிட அவர்கள் ஏறத்தாழ ஓராண்டு மூத்தவர்கள். உயரமும் வலுவும் கூடியவர்கள். அதைத் திறமை என்று எடுத்துக்கொள்கிறோம்.

புறத்தில் தெரியாததும் ஒன்றுண்டு. ஸ்பெயினின் போயான் கிர்கிச், 2007இல் 17 வயதில் பார்சிலோனாவுக்காக ஆடத் தொடங்கி, முதல் பருவத்திலேயே லீகில் 10 கோல்கள் அடித்தவர். 'புதிய மெஸ்ஸி' என்றார்கள். 2008 பிப்ரவரியில் நாட்டு அணிக்கு அழைக்கப்பட்டபோது அவர் ஆடவில்லை. வயிற்றுக் கோளாறு என்று வெளியே சொல்லப்பட்டது. அவ்வாண்டு ஐரோப்பியக் கோப்பைக்கும் அவர் செல்லவில்லை. ஸ்பெயின் கோப்பையை வென்றது. நாட்டு அணியை வேண்டாமென்ற பையன் என்று பழி வந்தது. பத்தாண்டுகள் கழித்து, 2018இல்தான் அவர் மனம் திறந்தார்: மயக்கமும் படபடப்புமாகத் தம்மைப் பிடித்தாட்டிய மனப்பதற்றமே காரணம் என்று. ஏழு நாடுகளில் ஆடிவிட்டு 2023இல் ஓய்வு பெற்றார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவரைப் பற்றித் தீர்ப்பு எழுதியவர்கள் எத்தனை பேர்! அவர்கள் எவரிடமும் வழக்கின் முதல் சாட்சியே இல்லை.

இவ்வளவும் எழுதிய பிறகும், பந்தாட்டத்தைப் பற்றி நமக்கேன் இத்தனை அக்கறை என்று வாசக நேயர்கள் வியக்கலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதிய ஒரு பிள்ளை இருந்தான். ஒருமுறை சொன்னதை மறுமுறை கேட்கமாட்டான். அரபி இலக்கணத்தில் நாம் 20 வயதில் விளங்கிக்கொண்டதை 11 வயதில் விளங்கிக்கொண்டான். ஆண்டு விழாவில், ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில், அவனை மேடையில் நிறுத்தி, 'இந்தப் பிள்ளை நாளை இந்நாட்டின் பெரும் ஆலிமாக வருவான்' என்று சொன்னோம். கூட்டம் மகிழ்ந்தது. அவன் வாப்பா அழுதார். அவன் முகம் எப்படி இருந்தது என்று நாம் பார்க்கவில்லை.

17 வயதில் ஓதுவதை நிறுத்திவிட்டான். வாப்பா நோய்வாய்ப்பட்டார், கடையைப் பார்க்க ஆளில்லை என்றார்கள். மனம் ஊன்றவில்லை என்றும் சிலர் சொன்னார்கள். நாம் போய்க் கேட்கவில்லை. 'வீணாய்ப் போய்விட்டான்' என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். நமக்கு ஏற்பட்ட கைபத்தை அவன் செய்த கதீஅத் ஆக்கினோம். இரண்டுக்கும் வேறுபாடு கற்பிக்கும் உஸ்தாதே அதைச் செய்தோம்.

அதன்பின் நம் தெரு வழியே அவர் வந்ததில்லை. பள்ளிவாசலிலும் கடைசி வரிசையில் நின்று, ஸலாம் கொடுத்ததும் எழுந்து போய்விடுவார். கடையில் நிறுவை குறையாது, கடன்பட்டவரை நெருக்கமாட்டார் என்று ஊரார் சொல்வது நம் காதில் விழுந்ததுண்டு. அதையெல்லாம் நாம் கணக்கில் சேர்க்கவில்லை.

சென்ற வாரம், மகளின் நிக்காஹ் அழைப்பிதழுடன் அவர் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். தாடி நரைத்திருந்தது. உள்ளே வரச் சொன்னோம், தயங்கினார். "ஹஜ்ரத் என்னைப் பற்றிச் சொன்ன வார்த்தையை நான் காப்பாற்றவில்லை. அதனால்தான் இத்தனை நாள் முகத்தில் விழிக்கக் கூசினேன்" என்றார்.

"அது நாம் சொன்ன வார்த்தை தம்பி" என்றோம். அதற்குமேல் பேச்சு எழவில்லை. அவர் கையிலிருந்த பையை வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டு, உள்ளே தேநீர் போடச் சொன்னோம்.